ஒரு கார்டுக்கு என்ன விலை? கேம் டிசைன் பழக நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேம் டிசைன் கற்றுக்கொள்ள முதலில் எந்த மென்பொருளைப் படிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு மாதத்துக்கு எந்த மென்பொருளையும் தொடாதீர்கள். கார்டுகளைச் சேகரித்து ஆடும் கலெக்டிபிள் கார்டு கேம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

ஓடிக் குதித்துச் சுடும் ஆட்டங்களில் விதிகள் நிரலுக்குள் ஒளிந்திருக்கும். எதிரி எத்தனை அடி தாங்குவான், நம் ஆள் எவ்வளவு உயரம் குதிப்பான் என்பதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்காது. கார்டு கேமில் எல்லாமே கார்டின் முகத்தில் அச்சாகியிருக்கும். விலை இவ்வளவு, பலம் இவ்வளவு, இறக்கினால் இது நடக்கும், அவ்வளவுதான். அந்தச் சின்னச் செவ்வகத்துக்குள் ஒரு டிசைனர் எடுத்த முடிவு முழுதாக இருக்கிறது. சரியாக எடுத்தாரா, தப்பாக எடுத்தாரா என்பதையும் நீங்களே ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

இந்த வகை ஆட்டம் 1993ல் வந்த மேஜிக்: தி கேதரிங்கில் தொடங்கியது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ரம்மியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இங்கே ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தயார்செய்து கொண்டுவருவார். அதைத்தான் டெக் என்கிறோம். ஆக, ஆட்டம் தொடங்கும் முன்பே நீங்கள் பாதி டிசைனர் வேலையைச் செய்துவிடுகிறீர்கள்.

ஒரே ஒரு ஆட்டத்தைப் பிடியுங்கள்

ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா, மார்வெல் ஸ்னாப் மூன்றையும் இலவசமாகவே ஆடத் தொடங்கலாம். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹார்த்ஸ்டோன், ஏனென்றால் அதன் கணக்கு எளிது. நேரம் கிடைக்காதவர்கள் ஸ்னாப் ஆடலாம். அதில் டெக்குக்கு 12 கார்டு, ஆட்டத்துக்கு 6 முறை (டர்ன்), சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

காசு கொடுத்து கார்டு பேக் வாங்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே என்ன கார்டு இருக்கும் என்று தெரியாமல் வாங்க வைப்பதுதான் இந்த வகை ஆட்டங்களின் வியாபாரம். அந்த ஆசை எப்படி வேலை செய்கிறது என்பதும் ஒரு பாடம்தான், ஆனால் அதைக் கற்றுக்கொள்ள உங்கள் பணம் தேவையில்லை. டிசைன் பழக வந்தவருக்கு வலுவான டெக்கும் வேண்டாம். ஆட்டம் தருகிற ஆரம்ப டெக்கிலேயே இருபது ஆட்டம் ஆடுங்கள். கார்டு எதையும் மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நோட்டில் எழுத வேண்டியவை இவை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று எத்தனையாவது முறையில் உங்களுக்குத் தோன்றியது? கடைசிவரை கையிலேயே கிடந்த கார்டு எது? எதிராளி இறக்கிய எந்தக் கார்டைப் பார்த்து எரிச்சல் வந்தது? வென்றீர்களா, தோற்றீர்களா என்பதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எரிச்சல் வந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் அதுதான் அதிகம் உதவும்.

விலையைப் பிரித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்துபார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், இதைச் செய்யுங்கள்.

ஹார்த்ஸ்டோனில் மேனா என்பதுதான் செலவுப் பணம். முதல் முறையில் 1, இரண்டாவதில் 2 என்று ஏறி 10ல் நிற்கும். 2014ல் ஆட்டம் வெளிவந்தபோது இருந்த அடிப்படைக் கார்டுகளில் சிறப்புத் திறன் எதுவும் இல்லாதவற்றை மட்டும் முதலில் பொறுக்குவோம். ரிவர் குரோக்கோலிஸ்க்: விலை 2 மேனா, தாக்கும் பலம் 2, உயிர் 3. சில்விண்ட் யெட்டி: விலை 4, பலம் 4, உயிர் 5. போல்டர்ஃபிஸ்ட் ஓகர்: விலை 6, பலம் 6, உயிர் 7.

பலத்தையும் உயிரையும் கூட்டுங்கள். 5, 9, 13 என்று வருகிறது. அதாவது விலையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண். ஒரு வெறும் கார்டின் நியாயமான அளவு இது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது திறன் உள்ள கார்டுகளுக்கு வருவோம். நாவிஸ் எஞ்சினியரின் விலை 2. இறக்கினால் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பலமும் உயிரும் 1/1 மட்டும். 5 இருக்க வேண்டிய இடத்தில் 2 இருக்கிறது, 3 குறைகிறது. நோமிஷ் இன்வென்டரின் விலை 4, அதே திறன், அளவு 2/4. 9 இருக்க வேண்டிய இடத்தில் 6. இங்கேயும் குறைவது 3. ஆக, ஒரு கார்டு எடுக்கும் உரிமைக்கு அந்த டிசைனர்கள் போட்ட விலை 3 புள்ளி. இதை அவர்கள் நமக்கு எழுதிவைத்துச் சொல்லித்தரவில்லை. கார்டுகளே சொல்கின்றன.

அப்புறம் சார்ஜ் என்ற திறனைப் பாருங்கள். வழக்கமாக இறக்கிய கார்டு அடுத்த முறைதான் தாக்க முடியும். சார்ஜ் இருந்தால் இறக்கிய கையோடு தாக்கலாம். புளூகில் வாரியர் 2 மேனாவுக்கு 2/1, குறைவது 2. உல்ஃப்ரைடர் 3 மேனாவுக்கு 3/1, குறைவது 3. ஸ்டார்ம்விண்ட் நைட் 4 மேனாவுக்கு 2/5, குறைவது 2. ரெக்லெஸ் ராக்கெட்டியர் 6 மேனாவுக்கு 5/2, குறைவது 6. இந்த எண்களைத் தாக்கும் பலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பலம் 2 என்றால் விலை 2, 3 என்றால் 3, மறுபடி 2 என்றால் 2, 5 என்றால் 6. சார்ஜுக்கு நிலையான விலை கிடையாது. தாக்கும் பலம் கூடக் கூட விலையும் கூடுகிறது. பலம் பெரிதாக இருந்தால் அந்தத் திடீர் அடியும் பெரிது என்பதால் இது நியாயம்தான்.

நான் இதை முதன்முதலில் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்த இரவு, ஒரு ஆட்டத்தின் எலும்புக்கூட்டையே பார்த்துவிட்டது போல இருந்தது. நீங்களும் எழுதிப் பாருங்கள். கணக்குக்குள் அடங்காத கார்டுகளும் வரும். அவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் குறித்துவையுங்கள். அந்த இடங்களில் டிசைனர் வேண்டுமென்றே கணக்கை மீறியிருப்பார், அல்லது ஏமாந்திருப்பார்.

சார்ஜின் சிக்கல் வேறு. கணக்கு சரியாக இருந்தும் அது எதிராளிக்கு எரிச்சல் தந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் பதில் சொல்ல அவருக்கு ஒரு முறைகூடக் கிடைக்காது. 2018ல் ரஷ் என்று ஒரு திறன் வந்தது. அதிலும் உடனே தாக்கலாம், ஆனால் எதிராளியின் களத்தில் இருக்கும் கார்டுகளை மட்டும். எதிராளியை நேராக அடிக்க முடியாது. எண் சரியாக இருந்தாலும் அனுபவம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதை இந்த இரண்டு திறன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

ஐந்து கார்டு, ஒரே வாய்ப்பாடு

மேஜிக்கின் முதல் பதிப்பில் ஐந்து கார்டுகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு மேனா கொடு, ஏதோ ஒன்றில் மூன்று வாங்கிக்கொள். லைட்னிங் போல்ட் 3 சேதம் தரும். ஜயண்ட் குரோத் ஒரு முறைக்கு +3/+3 தரும். டார்க் ரிச்சுவல் 3 மேனா தரும். ஹீலிங் சால்வ் 3 உயிர் தரும், அல்லது 3 சேதத்தைத் தடுக்கும். ஆன்செஸ்ட்ரல் ரீகால் 3 கார்டு தரும்.

தாளில் பார்த்தால் ஐந்தும் சமம். ஆனால் ஆன்செஸ்ட்ரல் ரீகால் அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிக வலுவான கார்டுகளில் ஒன்றாகிப்போனது. பழைய கார்டுகளை அனுமதிக்கும் விண்டேஜ் போட்டியில்கூட டெக்குக்கு ஒன்றுதான் வைக்கலாம். லைட்னிங் போல்ட்டை இன்றும் ஆசையாக ஆடுகிறார்கள். ஹீலிங் சால்வை ஆள் சீண்டுவதில்லை.

ஏன் என்று நீங்களே யோசியுங்கள். இருபது உயிரோடு தொடங்கும் ஆட்டத்தில் மூன்று உயிர் தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மூன்று கார்டு கிடைத்தால் மூன்று புது வழிகள் திறக்கும். எண் ஒன்றுதான், ஆனால் எதை எண்ணுகிறோம் என்பது வேறு. உங்கள் ஆட்டத்தில் தங்கம், உயிர், நேரம், கார்டு என்று நாலு வளம் வைத்தால், ஒன்றை இன்னொன்றாக மாற்றும் விகிதத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஆன்செஸ்ட்ரல் ரீகாலின் பலம் அதை உருவாக்கியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் மற்ற நாலையும் சாதாரண கார்டாக அச்சிட்டு, இதை மட்டும் அரிய கார்டாக வைத்தார்கள். எங்கோ ஒருவரிடம்தானே இருக்கும் என்ற கணக்கு. கார்டு கிடைத்தவர் ஜெயிப்பார், கிடைக்காதவர் தோற்பார் என்பதை அரிதாக்குவதால் சரிசெய்ய முடியாது. இன்றும் நிறைய மொபைல் ஆட்டங்கள் இதே தப்பைத் தெரிந்தே செய்கின்றன என்பது என் வருத்தம்.

அதிர்ஷ்டத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்?

மேஜிக்கில் மேனா தருகிற நிலக் கார்டுகளும் டெக்குக்குள்ளேயே கலந்திருக்கும். 60 கார்டில் 24 நிலம் வைத்தால், முதலில் எடுக்கும் 7 கார்டில் ஒரு நிலம்கூட இல்லாமலோ, ஒன்றே ஒன்று மட்டுமோ வருவதற்கு ஏறக்குறைய 14 சதவீத வாய்ப்பு உண்டு. ஏழு ஆட்டத்துக்கு ஒன்று என்று சொல்லலாம். கையை மாற்றி எடுக்க விதி உண்டு, ஆனால் அதற்கு ஒரு கார்டை இழக்க வேண்டும். புதியவர்களுக்கு இது பெரிய அநியாயமாகத் தெரியும்.

ஹார்த்ஸ்டோன் இந்தச் சிக்கலை வெட்டி எறிந்துவிட்டது, மேனா தானாக ஏறும். நல்லதுதான். ஆனால் எத்தனை நிலம் வைப்பது, எத்தனை நிற நிலங்களைக் கலப்பது என்ற சுவையான தலைவலியும் கூடவே போய்விட்டது. ஒரு சிக்கலை நீக்கும்போது அதோடு சேர்ந்து எந்த முடிவு காணாமல் போகிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

மூன்றாவது விடை மார்வெல் ஸ்னாப்பில் இருக்கிறது. ஹார்த்ஸ்டோனை வழிநடத்திய பென் பிரோட் பிறகு தொடங்கிய நிறுவனம் உருவாக்கி, 2022ல் வெளிவந்த ஆட்டம் இது. இதில் அதிர்ஷ்டம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கை சரியில்லை என்று தெரிந்தால் பாதியில் விலகலாம், இழப்பு சின்னது. ஜெயிப்போம் என்று நம்பிக்கை வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். கெட்ட அதிர்ஷ்டத்தை அவர்கள் நீக்கவில்லை, அதன் விலையைக் குறைத்தார்கள்.

முதலில் ஆடுபவருக்குக் கிடைக்கும் சாதகத்தையும் இதே போல ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேஜிக்கில் முதலில் ஆடுபவர் முதல் முறையில் கார்டு எடுக்கக் கூடாது. ஹார்த்ஸ்டோனில் இரண்டாவது ஆளுக்கு ஒரு கார்டு அதிகம், கூடவே ஒரு முறைக்கு மட்டும் ஒரு மேனா தரும் நாணயம். போக்கிமான் கார்டு கேமில் முதலில் ஆடுபவர் முதல் முறையில் தாக்கக் கூடாது. நாலாவது தீர்வு ஒன்றை நீங்கள் யோசித்து நோட்டில் எழுதுங்கள்.

தடை செய்த கார்டுகளைத் தேடிப் படியுங்கள்

வெற்றி பெற்ற கார்டுகளைவிடத் தடை வாங்கிய கார்டுகள் நல்ல ஆசிரியர்கள். மேஜிக்கில் 2004 தொடக்கத்தில் ஸ்கல்கிளாம்ப் என்ற கார்டு வந்தது. களத்தில் நீங்கள் இறக்கிய ஆள் கார்டுக்கு மாட்டிவிடும் ஒரு கருவி. ஆள் செத்தால் ஆறுதலாக இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளலாம். உருவாக்கும்போது இருந்த வடிவத்தில் அது பலத்தையும் கூட்டியது, உயிரையும் கூட்டியது. கடைசிக் கட்டத்தில் அதை மாற்றினார்கள்: பலம் ஒன்று கூடும், உயிர் ஒன்று குறையும்.

என்ன ஆனது தெரியுமா? உயிர் 1 உள்ள சின்ன ஆள்மேல் அதை மாட்டினால் மாட்டிய உடனே செத்துப்போவான். மாட்டும் செலவு 1 மேனா. ஆக, 1 மேனாவுக்கு இரண்டு கார்டு, ஆள் இருக்கும்வரை மறுபடி மறுபடி. ஆறுதல் பரிசாக நினைத்தது இயந்திரமாக மாறிவிட்டது. வெளியான சில மாதங்களில், 2004 ஜூனில், தடை வந்தது. ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியானதில் நடந்த விபரீதம் இது. மாற்றியது சின்ன எண்தானே என்று மறுபடி ஆடிப் பார்க்காமல் விடும்போதெல்லாம் இந்தக் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

யூ-கி-ஓ என்ற கார்டு கேமில் பாட் ஆஃப் கிரீட் என்று ஒரு கார்டு இருக்கிறது. இரண்டு கார்டு எடு, அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஆட்டத்தில் மேனாவே இல்லை, அதனால் செலவும் இல்லை. அதை டெக்கில் வைக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது. அதனால் தடை.

கார்டில் உள்ள சொற்களைப் படியுங்கள்

மேஜிக்கின் சோதனை ஆட்டங்களில் ஒருவர் தன்னிடம் ஜெயிக்க வைக்கும் கார்டு இருப்பதாகச் சொன்னாராம். கார்டில் இருந்த வாசகம், எதிராளி அடுத்த முறையை இழப்பார் என்ற பொருளில் எழுதியது. அவரோ, எதிராளி அடுத்த முறையில் தோற்பார் என்று படித்துவிட்டார். தமிழில் இழப்பதற்கும் தோற்பதற்கும் வேறு வேறு சொல் இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பிறகு அந்த வாசகத்தை, நீங்கள் இன்னொரு முறை ஆடலாம் என்று மாற்றினார்கள். டைம் வாக் என்ற புகழ்பெற்ற கார்டு அதுதான்.

தமிழில் ஆட்டம் செய்யும்போது நமக்கென்று வேறு பொறிகள் உண்டு. ‘ஒவ்வொரு முறையும்’ என்று எழுதினால் அது ஒவ்வொரு டர்னா, ஒவ்வொரு தடவையா? உங்கள் முறைக்கு மட்டுமா, எதிராளியின் முறைக்கும் சேர்த்தா? எழுதியதும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் கேள்வி கேட்டால் வாசகம் சரியில்லை.

யாருக்காகச் செய்கிறீர்கள்?

மேஜிக்கின் தலைமை டிசைனர் மார்க் ரோஸ்வாட்டர் 2002லேயே ஆட்டக்காரர்களை மூன்று பெயரில் பிரித்து எழுதினார். பிரம்மாண்டமாக ஏதாவது நடந்தால் மகிழ்கிறவர் டிம்மி. யாரும் யோசிக்காத சேர்க்கையைக் கண்டுபிடித்து மகிழ்கிறவர் ஜானி. ஜெயித்தே ஆகவேண்டும் என்கிறவர் ஸ்பைக். நீங்கள் இவர்களில் யார் என்று தெரிந்துகொண்டு, மற்ற இருவருக்காகவும் ஆளுக்கு ஒரு கார்டு எழுதிப் பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் முறை

ஒரு மாதம் ஆனதும் ஒரு சாதா சீட்டுக்கட்டும் பிளாஸ்டிக் கார்டு உறைகளும் வாங்குங்கள். ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு, அதன் முன்னால் பென்சிலில் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். படம் வேண்டாம். படம் வரைந்துவிட்டால் அந்தக் கார்டைக் கிழித்துப்போட மனசு வராது.

இருவருக்கும் பொதுவாக 24 கார்டு, ஆளுக்கு 15 உயிர், மேனா 1லிருந்து 6 வரை ஏறும் என்று தொடங்கலாம். முதலில் திறன் எதுவும் இல்லாத கார்டுகள் பாதி, மேலே சொன்ன கணக்குப்படி. அப்புறம் மீதிப் பாதியில் கார்டுக்கு ஒரு திறன், அதற்கு ஒரு விலை. பத்து ஆட்டத்துக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் ஒரே ஒரு எண். பழைய துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி நோட்டில் ஒட்டுங்கள். ஸ்லே தி ஸ்பயர் என்ற கணினி கார்டு கேமை உருவாக்கிய இருவரும் 2017லிருந்து 2019 வரை ஆட்டத்தை முழுமையாக வெளியிடும் முன்பே மக்கள் கையில் கொடுத்து, எந்தக் கார்டை எடுக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று சேகரித்த தரவை வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நெட்ரன்னர் கார்டு கேமில் ஊறியவர். நமக்கு அவ்வளவு தரவு கிடைக்காது, நோட்டுப் போதும்.

சோதித்துப் பார்க்க வருபவருக்கு விளக்கம் சொல்லாதீர்கள். கார்டைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

என் முதல் கட்டில் பூட்டுக்காரன் என்று ஒரு கார்டு இருந்தது. விலை 3, அளவு 2/3, எதிராளி அடுத்த முறையில் கார்டு எதுவும் இறக்க முடியாது. எட்டாவது படிக்கும் அக்கா மகள் நாலு ஆட்டம் ஆடிவிட்டு, “சித்தி, இது சூப்பர் கார்டு. கையில வந்தா வேற எதையும் யோசிக்கவே வேணாம்” என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் முதலில் விலையை 4 ஆக்கினேன். அப்போதும் நாலாவது முறை வந்ததும் யோசிக்காமல் அதையே இறக்கினாள். கோளாறு விலையில் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. விலையைப் பழையபடி 3 ஆக்கிவிட்டு வாசகத்தை மாற்றினேன்: அடுத்த முறையில் எதிராளியும் கார்டு இறக்க முடியாது, நீங்களும் இறக்க முடியாது.

அடுத்த ஆட்டத்தில் பூட்டுக்காரன் அவள் கைக்கு வந்தான். களத்தைப் பார்த்தாள், கையில் இருந்ததை எண்ணினாள். கார்டைப் பாதி கீழே கொண்டுவந்து, மறுபடி கையிலேயே செருகிக்கொண்டாள். “இரு சித்தி, இப்ப இல்ல. அடுத்த தடவை பார்க்கறேன்.”